பழைய பந்தயக் கார்களை இனங்காணுதல்

மேய்ச்சல் தரையிலே நூறு மாடுகள் கலந்து நின்றாலும், தமது குடிக்குறி தாங்கிய மாட்டைத் தூரத்திலிருந்தே இனங்கண்டுகொள்ளும் ஆற்றல் அம்பாறைக் கரையோரத்து வேளாண்மைக்காரருக்கு உண்டு. குறி கண்ணுக்குப் புலப்படாவிடினும் கொம்பின் வளைவும், திமிலின் சாய்வும், நடையின் தளர்வும் அவருக்குப் போதுமானவை. மாடு வாங்கச் செல்பவர் சுழி பார்ப்பார். பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார். விற்பவர் சொல்லும் வயதை ஒருபோதும் முழுமையாக நம்பமாட்டார். வீரமுனைச் சந்தியிலே நின்று பார்த்தால் இவ்வாற்றல் மாட்டோடு நின்றுவிடவில்லை என்பது புலனாகும். கல்முனைப் பக்கமிருந்து பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று வருமாயின், அது கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் ஓசையைக் கொண்டு இன்ன வண்டி எனச் சொல்லும் முதியவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பர்.

பழைய பந்தயக் கார்களை இனங்கண்டு சுவைக்கும் கலையும் இத்தகையதே. இதற்கு எந்திரவியற் பட்டம் வேண்டுவதில்லை. கண்ணும் காதும் மூக்கும், சற்று ஐயுறும் மனமும் இருந்தாற் போதும்.

இலங்கையிலே இக்கலைக்கு இயல்பான பள்ளிக்கூடம் நுவரெலியா ஆகும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அங்கே வசந்தகாலக் கொண்டாட்டங்கள் நடைபெறுவதை நேயர்கள் அறிவர். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி ஆகியவற்றோடு, மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையிலே நடைபெறும் மலையேற்றப் பந்தயமும் அக்கொண்டாட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. 1934ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பெற்ற அப்பந்தயமே இந்நாட்டு மோட்டார்ப் பந்தயங்களுள் மிகப் பழைமையானது. தோட்டத் துரைமார் தம் வண்டியின் வலுவையும் தம் துணிவையும் அளந்து பார்த்த இடம் அது.

மலையேற்றப் பந்தயத்தின் முறை எளிது. ஒரு வண்டி மற்றொரு வண்டியைத் துரத்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, வளைந்து வளைந்து ஏறும் குறுகிய பாதையை எத்தனை விநாடியிற் கடக்கின்றது எனக் கடிகாரமே தீர்ப்புச் சொல்லும். இங்கிலாந்திலே ஷெல்ஸி வோல்ஷ் என்னும் ஊரில் 1905இல் தொடங்கிய மலையேற்றம், இரண்டு உலகப் போர்கள் இடைமறித்தும், அதே ஆயிரம் யார் பாதையில் இன்றும் நடைபெறுகின்றது. பழைய வண்டிகளைக் கற்க விரும்புவோருக்கு மலையேற்றத்தைப் போல் உதவுவது பிறிதில்லை. ஒரு நேரத்தில் ஒரே வண்டி. அதன் ஓசை வேறொன்றின் ஓசையோடு கலப்பதில்லை. கீழே புறப்பட்டது முதல் மேலே மறையும் வரை அதனைத் தனியே கேட்கலாம்.

போருக்குப் பின்னர் வேறொரு வகைப் பந்தயத் தளமும் உலகெங்கும் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போருக்காக அவசர அவசரமாக அமைக்கப்பட்ட விமானத் தளங்கள், போர் முடிந்ததும் வேலையற்றுக் கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் அவ்வாறே 1948இற் பந்தயத் தளங்களாயின. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவிலே பிரித்தானியக் கடற்படை அமைத்த விமானத் தளமும், சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத் தளமும் அதே விதியைப் பெற்றன. குட்வுட்டில் 1966ஆம் ஆண்டோடு பந்தயம் நின்றது. 1998 முதல் ஆண்டுதோறும் அங்கே பழைய வண்டிகளுக்கென்றே பெருவிழா நடைபெறுகின்றது. ஓடுபவை பழைய கார்கள் மட்டுமல்ல; பார்க்க வருவோரும் 1966க்கு முந்திய உடையணிந்து வருதல் அங்கே வழக்கம். நம்மவர் கண்ணுக்கு அது சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

வயதைக் குறிக்கும் பெயர்களை முதலிற் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். 1904ஆம் ஆண்டு முடிவு வரை உருவானவை 'வெற்றரன்' எனப்படும். 1905 முதல் 1918 வரையுள்ளவை 'எட்வேடியன்'. 1919 தொடக்கம் 1930 வரையுள்ளவையே முறையாக 'விண்டேஜ்' என்னும் பெயருக்கு உரியவை. திராட்சை அறுவடை ஆண்டைக் குறிக்கும் சொல் அது. இன்னவாண்டு விளைவு என நாம் நெல்லைச் சொல்வது போன்றது. பழைய கார் யாவற்றையும் விண்டேஜ் என அழைப்பது இன்று பெருவழக்காயினும், 1934இல் இங்கிலாந்திலே தோன்றிய விண்டேஜ் விளையாட்டுக் கார்ச் சங்கத்தார் இந்த 1930 என்னும் வரம்பை இன்றளவும் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி வண்டியை நோக்குவோம். முதலிற் கண்ணிற் படுவது நிறம். மாட்டுக்குக் குறி எவ்வாறோ அவ்வாறே பழைய பந்தயக் காருக்கு நிறம். 1900ஆம் ஆண்டு கோர்டன் பெனற் கிண்ணப் பந்தயம் தொடங்கியபோது, நாட்டுக்கொரு நிறம் இருத்தல் வேண்டுமெனச் ஸ்பொரோவ்ஸ்கி என்னும் பிரபு யோசனை கூறினார். பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள் என வழங்கலாயின. 1903இல் அயர்லாந்திலே பந்தயம் நடந்தபோது பிரித்தானிய வண்டிகள் பச்சை நிறம் பூண்டு வந்தன. அதன்பின் பச்சை அவர்களுக்கே உரியதாயிற்று. இத்தாலியின் சிவப்பு பின்னரே நிலைபெற்றது. ஆகவே, நீல நிறமும் குதிரை இலாடம் போன்ற முகப்பும் கொண்ட வண்டி பிரான்சின் புகாட்டி என்றும், சிவந்த வண்டி இத்தாலியின் ஆல்ஃபா றோமியோ, மசறாட்டி, ஃபெறாரி ஆகியவற்றுள் ஒன்று என்றும் ஊகிப்பது முதற் பாடம்.

ஜெர்மனியின் வெள்ளை 1934ஆம் ஆண்டு வெள்ளியாக மாறிற்று. அவ்வாண்டு தொடங்கிய விதிப்படி வண்டியின் நிறை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. மெர்சிடிஸ் வண்டி ஒரு கிலோகிராம் கூடுதலாக இருந்தமையால் இரவோடிரவாக வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுத்தனர் என்றும், உள்ளிருந்த அலுமினியம் பளபளத்து 'வெள்ளி அம்பு' ஆயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானதுதான், ஆயினும் வரலாற்றாசிரியர் பலர் அதனை நம்புவதில்லை. பந்தய உலகிலே தலபுராணங்களுக்குப் பஞ்சமில்லை.

நிறங்களைப் பற்றிப் பேசுகையில் ஆசிய நாட்டார் ஒருவரை மறந்துவிடலாகாது. சீயம் என அக்காலத்தில் வழங்கிய தாய்லாந்தின் அரச குலத்தவரான பீரா, இங்கிலாந்திலே சிற்பம் பயின்ற இளைஞர். அவருடைய இருபத்தோராவது பிறந்தநாளையொட்டி, மாமன் சிற்றப்பன் வழி உறவினரான சூலா இளவரசர் 1935இல் ஈ.ஆர்.ஏ. என்னும் புதிய பிரித்தானியப் பந்தயக் காரொன்றைப் பரிசளித்தார். வெளிர்நீல உடலும் மஞ்சட் சில்லுகளும் சீயத்தின் நிறங்களாயின. முதல் வண்டிக்கு றோமுலஸ் என்றும், இரண்டாவதற்கு றேமஸ் என்றும் உரோமாபுரியின் இரட்டையர் பெயரைச் சூட்டிய அவர்கள், மூன்றாவதற்கு அனுமான் எனப் பெயரிட்டனர். காற்றின் மைந்தன் பெயர் ஐரோப்பியப் பந்தயத் தளங்களில் ஓடியது என்பது இராமகாதை கேட்டு வளர்ந்தோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ? 1936இல் மொனாக்கோவில் சிறுவண்டிகளுக்கான பந்தயத்திலே றோமுலஸ் வென்றது. பச்சையும் சிவப்பும் வெள்ளியுமாக ஓடிய வண்டிகளிடையே ஆசியாவுக்கென ஒரு நிறம் நிலைத்தது பீராவினால்தான். அவர் 1985இல் இலண்டனிலே நிலக்கீழ் இரயில் நிலையமொன்றில் மாரடைப்பால் மறைந்தார். அவ்வேளை அவர் இன்னாரென அங்கு நின்ற பயணிகள் அறிந்திருக்கமாட்டார்கள்.

நிறத்துக்கு அடுத்தது முகம். எஞ்சினைக் குளிரவைக்கும் நீர் ஓடும் றேடியேற்றரே பழைய காரின் முகமாகும். ஆல்ஃபா றோமியோவின் பந்தய வண்டியில் நான்கிலைக் குறி, மசறாட்டியில் பொலோனா நகரத்து நெப்டியூன் சிலையின் கையிலிருந்து எடுத்த திரிசூலம், ஃபெறாரியில் முதல் உலகப் போரின் விமான வீரர் பறக்கா பயன்படுத்திய துள்ளுங் குதிரை, எம்.ஜி. வண்டியில் எண்கோணம்.

ஆனால் ஒரே ஒரு வண்டியைப் பழுதறக் கற்க வேண்டுமாயின் அது புகாட்டி 35 ஆகவே இருத்தல் வேண்டும். எற்றோரே புகாட்டி கலைக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தை அழகிய தளபாடங்கள் வனைந்தவர்; தம்பி விலங்குச் சிற்பங்கள் செய்தவர். எற்றோரே இரும்பையும் அலுமினியத்தையும் கொண்டு அதே தொழிலைச் செய்தார் எனலாம். 1924ஆம் ஆண்டு லியோன் நகரிலே பிரெஞ்சு கிராண்ட் பிறீ பந்தயத்தில் இவ்வண்டி முதன்முதலாகத் தோன்றியது. ரயர்கள் பழுதுற்றமையால் அன்று அது தோல்வியுற்றது. எனினும் அடுத்த ஆண்டு தொடங்கி 1929 வரை, சிசிலித் தீவின் மலைப்பாதைகளிலே நடக்கும் தார்கா ஃபுளோரியோ பந்தயத்தைப் புகாட்டி வண்டிகள் ஐந்து முறை தொடர்ச்சியாக வென்றன.

அதன் சில்லைக் கவனியுங்கள். அக்காலத்துப் பந்தய வண்டிகள் பெரும்பாலும் சைக்கிளைப் போலக் கம்பிச் சில்லு கொண்டவை. புகாட்டியோ அலுமினியத்தை உருக்கி வார்த்து, எட்டுத் தட்டையான ஆரைகள் கொண்ட சில்லை அமைத்தார். பிறேக் உருளையும் அச்சில்லோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. சில்லைக் கழற்றினால் பிறேக்கின் உட்பகுதி அப்படியே வெளிப்படும். ரயர் மாற்றும் வேளையிலேயே பிறேக்கையும் பார்த்துவிடலாம். அழகுக்காகச் செய்ததா, வசதிக்காகச் செய்ததா எனப் பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றாயின. முன் அச்சும் உட்குழிவாக இருந்தமையால் நிறை குறைந்தது. எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த, ஏறக்குறைய 2 லீற்றர் எஞ்சினின் வெளிப்புறம் வரைகோல் வைத்து வரைந்தாற்போல் தட்டைத் தட்டையான முகங்களோடு விளங்கும். மூடியைத் திறந்து காட்டும்போது எஞ்சினைப் பாராது முகப்பை மட்டும் படம் பிடித்துச் செல்வோர், மூலவரைத் தரிசியாது கோபுரத்தோடு திரும்புவோரை ஒப்பர்.

சில்லைக் கொண்டே நம் நாட்டாருக்குப் பழக்கமான எம்.ஜி. வண்டிகளையும் பிரித்தறியலாம். போருக்குப் பின் 1945இல் வந்த ரி.சி. என்னும் வகை 19 அங்குல உயரமான கம்பிச் சில்லுகளில் நெடிதாக நிற்கும். 1949இன் பிற்பகுதியில் அதனைத் தொடர்ந்த ரி.டி. வகைக்குச் சிறிய, தட்டையான உருக்குச் சில்லு. 1953இல் வந்த ரி.எஃப். வகையிலே முன்விளக்குகள் தனித்து நில்லாமற் சில்லுக்காப்போடு உருகி இணைந்திருக்கும். மூன்றும் தூரத்திலே ஒன்றாகத் தோன்றினும், இந்த ஒரு விவரத்தை அறிந்த பாடசாலை மாணவன் கூடத் தவறமாட்டான்.

அடுத்து நோக்க வேண்டியது, ஓட்டுநர் எங்கே இருக்கின்றார், எஞ்சின் எங்கே இருக்கின்றது என்பது. ஆதிகாலப் பந்தயங்களில் ஓட்டுநரோடு பொறிவல்லுநர் ஒருவரும் உடன் சென்றார். அவர் எண்ணெய் அழுத்தத்தைக் கவனித்தும், ரயர் மாற்றியும், பின்னே வருவோரைப் பற்றிச் சொல்லியும் துணைபுரிந்தார். 1925இல் கிராண்ட் பிறீ பந்தயங்களிலிருந்து அவர் விலக்கப்பட்டார். எனினும் அவருடைய இருக்கைக்குரிய அகலம் சில ஆண்டுகள் வண்டியில் எஞ்சியிருந்தது. 1932இல் வந்த ஆல்ஃபா றோமியோ பீ-3 நடுவே ஒரே இருக்கை கொண்டு ஒடுங்கிய உடலோடு தோன்றியது. ஆகவே இருவர் அமரத்தக்க அகலம் கண்டால் பெரும்பாலும் அது பழைய தலைமுறை என்றும், ஒருவருக்கே இடமெனின் பிந்தியது என்றும் கொள்ளலாம்.

எஞ்சின் இடம் மாறிய கதை இதனினும் பெரியது. வண்டியை மாடு முன்னிருந்து இழுக்க வேண்டும் என்னும் பழைய நினைவு கார் செய்வோரை நெடுங்காலம் விட்டகலவில்லை. ஜெர்மனியின் ஓட்டோ யூனியன் 1934இலேயே பதினாறு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்து வென்று காட்டிற்று. எனினும் போருக்குப் பின் உலகம் மீண்டும் முன் எஞ்சினுக்கே திரும்பியது. இங்கிலாந்தில் கூப்பர் என்னும் சிறிய பட்டறையார் மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினைப் பின்னே பொருத்திச் சிறுவண்டிகள் செய்துவந்தனர். சங்கிலியால் பின்சில்லைச் சுழற்றுவதற்கு அதுவே இலகுவாக இருந்தது. அவர்களுடைய வண்டியொன்றில் 1958ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீன கிராண்ட் பிறீயை ஸ்ரேர்லிங் மொஸ் வென்றபோது பெரிய கம்பனிகள் நகைத்தன. 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜாக் பிரபாம் அதே கூப்பர் வண்டியில் உலக வீரரானார், நகைப்பு அடங்கிற்று. 1961இல் ஏறக்குறைய எல்லாப் பெரிய வண்டிகளும் எஞ்சினைப் பின்னே கொண்டு வந்தன. மூக்கு நீண்டு, ஓட்டுநர் பின்சில்லுக்கு அருகே நிமிர்ந்திருந்தால் அது 1960க்கு முந்திய தலைமுறை. மூக்குக் குறுகி, ஓட்டுநர் மல்லாந்து படுத்தாற்போல் இருந்தால் பிந்தியது. பறவையின் சிறகு போன்ற பலகைகள் பூட்டப்பட்டிருப்பின் 1968 அல்லது அதற்குப் பின். ரயரிலே வரிகளின்றி வழுவழுப்பாக இருப்பின் 1971 அளவிலோ அதற்குப் பின்னரோ எனக் கொள்ளலாம். வண்டியிலே சிகரெட் விளம்பரத்தின் நிறங்களைக் கண்டால் அதுவும் 1968இல் தொடங்கிய மாற்றமே. நாட்டின் நிறம் போய் வணிகரின் நிறம் வந்தது அப்போதுதான்.

கண்ணுக்குரியன இவ்வளவு. மூக்குக்குரியது ஒன்றுண்டு. பழைய பந்தய வண்டி புகை கக்கிச் செல்லும்போது எழும் மணம் தமிழர் வீட்டுக்கு மிகவும் பழக்கமானது. அது ஆமணக்கெண்ணெய் மணமேயாகும். பிள்ளைகளின் வயிற்றைச் சுத்தி செய்ய மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே எண்ணெய், கடும் வெப்பத்திலும் இரும்பை விட்டகலாது ஒட்டிநிற்கும் இயல்புடையதாதலால், எஞ்சினுக்கு உகந்த எண்ணெயாயிற்று. காஸ்ட்றோல் என்னும் எண்ணெயின் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. வெளிநாட்டாருக்கு அம்மணம் வீரத்தின் வாசனை. நம்மூர்ப் பெரியோர்க்கோ சனிக்கிழமைக் காலையின் வாசனை.

காதுக்குரியது ஓசை. எஞ்சினுக்குட் காற்றைப் பலவந்தமாகத் திணிக்கும் காற்றூதி பூட்டிய வண்டிகள் 1920களிலும் 1930களிலும் மிகுந்திருந்தன. எஞ்சினின் உறுமலுக்கு மேலே ஒரு கூரிய ஊளை கேட்குமாயின் காற்றூதி உண்டென அறியலாம். கொல்லன் உலைத்துருத்தி செய்யும் வேலையை எஞ்சினே தனக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

இவையெல்லாம் வெளிநாட்டுச் செல்வர் விளையாட்டு எனக் கருதி ஒதுங்க வேண்டியதில்லை. வீரமுனைச் சந்தியில் ஓடும் அந்த மொறிஸ் மைனருக்கும் பந்தயத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. 1948இல் வெளிவந்த அக்காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். அவர் இளைஞராக இருந்த காலத்தில், டௌசன் என்னும் நண்பரோடு சேர்ந்து, ஒஸ்ரின் செவன் வண்டியின் பாகங்கள் சிலவற்றை அடிப்படையாகக் கொண்டு, மலையேற்றப் பந்தயத்துக்கென ஒரு சிறு காரைக் கையாலேயே செய்தார். ஓய்வு வேளைகளில் மட்டும் செய்த வேலையாதலால் ஆண்டுகள் பல சென்றன; 1938 அளவிலே அது நிறைவெய்தியது. தனி அடிச்சட்டம் இன்றி ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் சேர்ந்து உடலாகவும் முதுகெலும்பாகவும் நின்றன. உருக்கு வில்லுக்குப் பதிலாகச் சில்லுகளைத் தாங்கியது றப்பர். இருபது ஆண்டுகளின் பின், 1959இல் அவர் வகுத்த மினி காரையும் றப்பரே தாங்கிற்று. அந்த மினியின் கூப்பர் வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டத்தை வென்றது. கூப்பர் என்பது முன்னே கூறிய அதே பட்டறையார் பெயர்தான்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் சோழவரத்து விமானத் தளத்திலே நடத்திய பந்தயங்களுக்கு இலங்கை ஓட்டுநரும் சென்று பங்குபற்றியதுண்டு. வெளிநாட்டுப் பந்தய வண்டி இறக்குமதி செய்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், வீட்டுக் காரைப் பிரித்துப் பந்தயக் காராக்கும் கைவேலை அங்கே செழித்தது. கோயம்புத்தூர்க் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் செய்து, இளைஞர் பலர் குறைந்த செலவில் ஓட்டப் பழக வழிசெய்தார். அவர் 1995இல் சிறு விமான விபத்தொன்றில் இறந்தார். கோவைக்கு அருகேயுள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சோழவரத்திலே பந்தயம் நின்று, 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் எழுந்தது. அந்தக் கைவேலை வண்டிகளை இனங்காண முகப்புக் குறி எதுவும் உதவாது. எந்தக் காரின் எஞ்சின், எந்தக் காரின் அச்சு, எவருடைய பட்டறை என்று கேட்டறிந்தே தெளிய வேண்டும்.

இங்கேதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி எழுகின்றது. பந்தயக் கார் என்பது உடைவதற்கே பிறந்தது. மோதும், எஞ்சின் வெடிக்கும், அடுத்த வாரப் பந்தயத்துக்கு வேறு எஞ்சின் ஏறும், உடல் மாறும். எழுபது ஆண்டுகளின் பின் நிற்கும் வண்டி அதே வண்டியா? மண்வெட்டிக்குப் பிடியை மூன்று முறையும் அலகை இரண்டு முறையும் மாற்றிவிட்டு, இது என் அப்புவின் மண்வெட்டி எனச் சொல்லும் கமக்காரர் பொய் சொல்கின்றாரா?

இவ்வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கே சென்றது. 'பழைய முதலாம் எண்' எனப் பெயர்பெற்ற பென்ற்லி வண்டி 1929, 1930 ஆகிய ஈராண்டும் லெ மான் இருபத்துநான்கு மணித்தியாலப் பந்தயத்தை வென்றது. 1932இல் அதற்கு 8 லீற்றர் எஞ்சின் பூட்டி புறூக்லண்ட்ஸ் தளத்தில் ஓட்டியபோது, கிளைவ் டன்ஃபி என்னும் ஓட்டுநர் உயிரிழந்தார். சிதைந்த வண்டி பின்னர் மூடிய உடல் கொண்ட காராகத் திருத்தப்பட்டது. நெடுங்காலத்தின் பின் அதனை ஒரு கோடி பவுண் பெறுமதிக்கு வாங்க உடன்பட்ட கம்பனி, இது அந்த வண்டியே அன்று எனப் பின்வாங்கிற்று. 1990இலே தீர்ப்பு வந்தது. 1929இல் வென்ற வண்டியில் இருந்த பாகம் ஏறக்குறைய எதுவுமே எஞ்சவில்லை. 1930இன் வண்டியிலிருந்தும் மிகச் சில பாகங்களே எஞ்சின. ஆயினும் இடையறாத வரலாறு உடையது. ஒரு காலத்திலும் அது இரண்டாகப் பிரிந்து வேறொரு வண்டி அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆதலால் இதுவே உண்மையான பழைய முதலாம் எண் என நீதிபதி தீர்த்தார். வாங்கியவர் பணம் செலுத்த நேர்ந்தது.

தீர்ப்பு பொருத்தமானதென்றே தோன்றுகின்றது. எனினும் அது திருடருக்கு அளித்த உரிமைப் பத்திரமன்று. இன்று ஆர்ஜென்ரீனாவிலே புகாட்டி 35ஐப் போல ஒவ்வோர் ஆணியும் ஒத்த புதிய வண்டிகள் செய்யப்படுகின்றன. நேற்றுச் செய்தது என ஒப்புக்கொண்டு ஓட்டினால் அது மதிக்கத்தக்க கைவேலை; 1926இற் செய்தது எனச் சொல்லி விற்றால் மோசடி. ஆகவே அடிச்சட்டத்தில் வெட்டிய எண், எஞ்சினில் வெட்டிய எண், பதிவுப் புத்தகம், பழைய புகைப்படம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இசைகின்றனவா என நோக்குதல் வேண்டும். இலங்கை வண்டிகளுக்கு மேலுமொரு துணையுண்டு. 1950களின் பிற்பகுதியிலே ஸ்ரீ எழுத்துத் தகடு வருமுன் ஆங்கில எழுத்துகளே எண் தகட்டில் வழங்கின; ஈ.எல்., ஈ.வை. போன்ற எழுத்துகளைக் கண்டால் அக்காலத்துக்கு முன்னர்ப் பதிவாகியது எனத் தெளியலாம். தகடு பழையதாயிருந்து ஆணி புதிதாயிருப்பின், மாட்டின் பல்லைப் பார்த்த கண்ணோடு மீண்டும் ஒருமுறை பார்ப்பது நலம்.

நுவரெலியாவுக்கோ தியத்தலாவைக்கோ செல்ல எண்ணும் இளைஞர்க்கு வேறொன்றையும் சொல்லாதிருத்தல் தகாது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆந் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்திலே வண்டியொன்று பாதையை விட்டுக் கூட்டத்துட் புகுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவருட் குழந்தையும் ஒன்று. 1955இல் லெ மானில் எண்பதுக்கு மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். வளைவின் வெளிப்புறத்திலே, வண்டி வழுக்கினால் எத்திசைக்குச் செல்லுமோ அத்திசையில் நிற்றல் ஒருபோதும் கூடாது. வளைவின் உட்புறத்து உயர்ந்த மேட்டிலே, தடுப்புக்குப் பின்னே நிற்க வேண்டும். ஒரு வண்டியை அருகே காண வேண்டுமெனின் பந்தயப் பாதை அதற்குரிய இடமன்று.

அதற்குரிய இடம் வண்டிகள் முறைக்காகக் காத்துநிற்கும் வெளியாகும். குதிரைப் பந்தயத்திலிருந்து அதற்குக் கடன்வாங்கிய ஆங்கிலப் பெயருக்கு நேரான தமிழ் பட்டி என்பதே. காலை ஏழு மணிக்கு முன் அங்கே சேர்ந்துவிட வேண்டும். வண்டியின் கீழே எண்ணெய் சொட்டும் தட்டு வைத்திருப்பார்கள். செப்புச் சுத்தியலால் சில்லின் நடுமூடியைத் தட்டி இறுக்குவார்கள். ஒருபக்கத்து மூடி வலஞ்சுழியாகவும் மறுபக்கத்து மூடி இடஞ்சுழியாகவும் இறுகும். சில்லு சுழலும் விசையே அதனைக் கழலவிடாது காக்கும் உபாயம் அது. மூடிமேல் தோற்பட்டி கட்டியிருக்கும். பட்டியைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கேட்டால் மறுப்பவர் அரிது. மாறாக, அவர் பேசத் தொடங்கினால் நிறுத்துவதே அரிது. எண்ணெய் குளிர்ந்திருக்கும் அந்நேரத்தில் எஞ்சின் உடனே பற்றாது. இருமுறை இருமிப் பின் எட்டுச் சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கும். மலைப்பனியினூடே ஆமணக்கெண்ணெய் மணம் பரவத் தொடங்கும்போது, ஏனைய வண்டிக்காரரும் தத்தம் மூடியைத் திறக்கலாவர்.